சண்டமாருதமா, மரவட்டையா

வரிசை ஓரடி நகர்ந்தது. நகர்ந்ததும் எனக்குள் என்னமோ குப்பென்று மேலே ஏறியது. இன்னும் பெட்டியில் உட்காரவில்லை, பாதுகாப்புக் கம்பி மடியில் இறங்கவில்லை, அதற்குள் வயிறு மட்டும் முந்திக்கொண்டு உச்சிக்குப் போய்விட்டது. இந்த வயிறு எப்போதும் இப்படித்தான், கல்யாணத்தன்றும் எனக்கு முன்னால் மணவறைக்குப் போய் உட்கார்ந்தது அதுதான். தலைக்கு மேலே செவலை போகிறது. செவலை என்றால் மாடு இல்லை, ரோலர் கோஸ்டர், செங்கல் நிறத் தண்டவாளம், முகப்பில் தகரக் கொம்பு வைத்த பெட்டிவண்டி, விந்தைச்சோலைப் பூங்கா திறந்த நாளிலிருந்து ஓடுகிறது. அது உச்சியிலிருந்து கவிழும்போது வண்டி முழுக்க ஒரே நேரத்தில் கத்துகிறதே, காய்ந்த எண்ணெயில் கைநிறையக் கடுகைப் போட்ட மாதிரி, அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் நாங்கள் ஐந்து பேரும் பேச்சை நிறுத்தி மேலே பார்க்கிறோம், அது போனதும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்கிறோம். மேலே பார்க்காதவன் எங்கள் வட்டத்தில் சேர்த்தி இல்லை. விந்தைச்சோலை வெறியர் வட்டம் என்று வாட்ஸப்பில் பெயர், அதில் ஊர்ப்பட்ட ஜனம் இருக்கிறது, காலை வணக்கம் போடுவதோடு சரி. வருஷ அட்டை வாங்கிக்கொண்டு மதுரையிலிருந்து பஸ் பிடித்து ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வந்து வெயிலில் நிற்கிற பைத்தியங்கள் நாங்கள்தான். எனக்கு முன்னால் நிற்கிற அகல முதுகு நவ்ஷாத், ஆட்டோ உதிரிபாகக் கடைக்காரன், தலைவன் என்று யாரும் அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவனே பேசிக்கொண்டிருப்பதால் தலைவன். அவனுக்குப் பக்கத்தில் ஜெசிந்தா, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், ஞாயிற்றுக்கிழமையும் கழுத்திலிருந்து விசிலைக் கழற்ற மாட்டாள். பின்னால் பாக்கியம், ஆரப்பாளையத்தில் பரோட்டாக் கடை, மாவு அடித்து அடித்துத் தோள் இரண்டும் பயில்வான் மாதிரி. கடைசியில் முரளிதரன், பேங்க் உத்தியோகம், உலகத்தில் எந்த நாட்டில் எந்த ரைடு எவ்வளவு உயரம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான், ஏறினால் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்வான். இத்தனை வருஷத்தில் செவலையின் முதல் இறக்கத்தை முரளி ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. நான் கோட்டைச்சாமி. எல்லாருக்கும் கோட்டையண்ணன். தாத்தா என்று கூப்பிட்டவனை ஒரு தடவை வட்டத்திலிருந்தே நீக்கினோம், நவ்ஷாத் நீக்கினான், நான் நீக்கச் சொன்னேன்.

இன்றைக்கு முடிவு தெரிந்துவிடும். நினைக்கும்போதே உள்ளங்கை வேர்க்கிறது. வேட்டியில் துடைக்கப் போனால் வேட்டி இல்லை, பேண்ட், ரைடுக்கு வேட்டி கூடாது என்று போட்டுக்கொண்டு வந்த பேண்ட். பூங்காவுக்குப் பின்னால் பாறையை ஒட்டிக் கிடக்கிற காலி இடத்தில் புதிதாக ஒன்று வரப்போகிறது, ஒன்றுதான், இரண்டுக்கு இடம் இல்லை. எது என்று எங்களைக் கேட்டிருக்கிறார்கள். முதலாளிகள் போன தடவை யாரையும் கேட்காமல் சுழலும் இட்லிப் பானை என்று ஒன்றை வைத்தார்கள், ஆளுக்கொரு பானைக்குள் உட்கார்ந்து சுற்ற வேண்டும், மேலே ஆவி வேறு வரும், ஏறினவன் எல்லாம் வெந்துபோய் இறங்கினான், இப்போது அதில் பூச்செடி வளர்க்கிறார்கள். அதனால் இந்தத் தடவை மேனேஜர் அம்மா நவ்ஷாத்துக்கு போன் போட்டு, நீங்க அஞ்சு பேரும் எதைச் சொல்றீங்களோ அதை முதலாளிகிட்டச் சொல்றேன், ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க என்றார். நுழைவாயிலில் இரண்டு கண்ணாடிப் பெட்டியில் இரண்டு மாதிரிகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று சண்டமாருதம், நின்ற இடத்திலிருந்து பீரங்கிக் குண்டு மாதிரி கிளம்பி நாலு தடவை தலைகீழாகப் போகும். இன்னொன்று மரவட்டை, குட்டிக் குட்டிப் பெட்டிகளாக நீளமாக, புளியமரங்களுக்கு நடுவே நெளிந்து, பாறைக்குள் குடைந்து போய், அந்தப் பக்கம் குளத்தின் மேல் சாய்ந்து திரும்பி வரும். நவ்ஷாத்துக்கும் ஜெசிந்தாவுக்கும் சண்டமாருதம். பாக்கியத்துக்கும் முரளிக்கும் மரவட்டை. நான் நடுவில். நடுவில் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறேன். வாயால் ஓட்டுப் போடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை, வாயால் போட்டால் மறுநாள் மாற்றிவிடுகிறோம் என்பது அனுபவத்தில் கண்ட உண்மை. செவலையின் முதல் இறக்கத்தில் ஒரு கேமரா இருக்கிறது, எல்லார் மூஞ்சியையும் படம் பிடிக்கும். அந்தப் படம்தான் ஓட்டு. இரண்டு கையையும் தூக்கினால் ஒரு பக்கம், கம்பியைப் பிடித்திருந்தால் மறுபக்கம். அந்த இடத்தில் எவனும் பொய் சொல்ல முடியாது என்பது நவ்ஷாத் கண்டுபிடித்த தத்துவம். முரளி எப்போதும் கம்பியை விடமாட்டான் என்பதால் அவனுக்கு மட்டும் தனிச் சட்டம், கண் திறந்திருந்தால் கை தூக்கினதாகக் கணக்கு, மூடியிருந்தால் பிடித்ததாகக் கணக்கு. இன்றைக்குக் கை தூக்கினால் சண்டமாருதம், கம்பி என்றால் மரவட்டை. ஆக இரண்டு இரண்டு, நான் ஒருத்தன். கோட்டையண்ணன் கைதான் கை. மாநிலத்தையே என் கையில் கொடுத்த மாதிரி காலையிலிருந்து எனக்கு ஒரே பெருமிதம். பஸ்ஸில் கூட ஜன்னல் பக்கம் கையை வெளியே நீட்டவில்லை, ஏதாவது லாரி கொண்டுபோய்விட்டால் ஜனநாயகம் என்ன ஆவது.

ஆனால் அந்தப் படம். நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிற அந்தப் படம். கேமராப் படம் இல்லை, சண்டமாருதத்தின் கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே ஒரு பலகை, அதில் வட்ட வட்டமாகப் பொம்மைகள், வயிற்றில் பிள்ளை உள்ள பெண் பொம்மை மேல் சிவப்புக் கோடு, நெஞ்சைப் பிடித்த ஆள் மேல் சிவப்புக் கோடு, கடைசியில் கம்பூன்றி முதுகு வளைந்த கிழவன் ஒருத்தன், அவன் மேலும் சிவப்புக் கோடு, கீழே அறுபது என்று எழுதியிருக்கிறது. அறுபதுக்கு மேல் ஏற்ற மாட்டார்களாம். வண்டி செய்கிற வெளிநாட்டுக்காரன் போட்ட சட்டமாம், பூங்காக்காரர்கள் மாற்ற முடியாதாம், காவல்காரரிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டு வைத்தேன். மரவட்டைப் பலகையில் அந்தக் கிழவன் இல்லை. எனக்கு அறுபத்தெட்டு. கம்பு கிடையாது, முதுகு நேர், தலைக்கு மை, இருந்தாலும் அறுபத்தெட்டு என்பது மை பூச முடியாத இடம். காலையில் எல்லாரும் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று படம் எடுத்தபோது நான் சரியாக அந்தக் கிழவன் முன்னால் போய் நின்றுகொண்டேன், இடுப்பில் கையை வைத்து, கால் அகட்டி. அண்ணே கொஞ்சம் நகருங்க, மாடல் மறைக்குது என்றான் நவ்ஷாத். நான் நகரவில்லை. இவர்கள் எல்லாம் சின்ன வயசு, பலகையைப் பார்த்தால் வேகமும் உயரமும்தான் கண்ணில் படும். பட வேண்டாம், அதுதான் நல்லது. சொல்லிவிடலாமே என்று ஒரு மனசு. சொல்லிப் பாரேன், இந்த மாதிரி, அதில் என்னை ஏற்ற மாட்டான் என்று ஒரே ஒரு வார்த்தை, நவ்ஷாத் கூட உருகிப் போய்விடுவான், அஞ்சு பேரும் கம்பியைப் பிடிப்பார்கள், அண்ணனுக்காக மரவட்டை, அண்ணனுக்காக. அங்கேதான் இடிக்கிறது. நான் ஜவுளிக்கடையில் லிஃப்ட் ஓட்டியவன், ஆயுசு பூராவும் மூன்று மாடி ஏறி மூன்று மாடி இறங்கியவன். வயசானவர்கள் லிஃப்டை விட்டு இறங்கும்போது முழங்கைக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்து, பார்த்து, பார்த்து வாங்க என்பேன். நல்ல மனசோடுதான் சொன்னேன். அதுவரைக்கும் மிடுக்காக நின்ற ஆள் அந்தப் பார்த்து என்கிற வார்த்தை காதில் விழுந்ததும் ஒரு கணம் தயங்குவார், காலைத் தரையில் துழாவுவார், அவர் கிழவரானது அந்த இடத்தில்தான். எத்தனை பேரை அப்படி ஆக்கினேனோ. அந்தக் கை எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும். என் முழங்கையில் அது வேண்டாம். உண்மையைச் சொல்லி ஜெயிப்பதை விடப் பொய்யைச் சொல்லி ஜெயிப்பது கௌரவம், அதுவும் எனக்குக் கைவந்த தொழில்.

அதனால் வரிசையில் நுழைந்ததிலிருந்து சண்டமாருதத்துக்குக் குழி வெட்டிக்கொண்டே வருகிறேன், நடுவில் நிற்கிற ஆள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. பினாங்கில் என் சித்தப்பா மகன் இதே மாதிரி ஒன்றில் ஏறினான் என்று ஆரம்பித்தேன். எனக்குச் சித்தப்பாவே கிடையாது. நாலு தடவை தலைகீழாகப் போய் இறங்கினதும் கண்ணாடியில் பார்க்கிறான், இடது பக்கம் எடுத்த வகிடு வலது பக்கம் போயிருக்கிறது, அன்றிலிருந்து இடது கையால்தான் எழுதுகிறான். ஜெசிந்தா சிரித்தாள். சிரிக்கிறாள், சரி, போதவில்லை, இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன். அதே வண்டியில் பின்னால் இருந்தவர் கதை தெரியுமா, இறங்கி வந்தவர் சொந்தப் பொண்டாட்டி பேரை மறந்துவிட்டார், எதிரில் நிற்கிற அம்மாளைப் பார்த்து நீங்க யாருங்க, ரொம்ப லட்சணமா இருக்கீங்களே என்று கேட்கிறார், மறுபடி ஏற்றி இறக்கின பிறகுதான் ஞாபகம் வந்தது, வந்ததும் பழைய மாதிரி எரிந்து விழ ஆரம்பித்துவிட்டார். இதைச் சொல்லிவிட்டு பாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தேன். மரவட்டைக் கட்சி, எனக்கு இருக்கிற பலம். அவள் கண் எங்கேயோ போய்விட்டது.

"எங்க வீட்டுக்காரரை அதுல ஒரு தடவை ஏத்தி விடணும்ணே," என்றாள். "ஒத்தை தடவை. திருப்பி ஏத்தக் கூடாது."

அடக் கடவுளே, இருக்கிற ஓட்டும் போச்சு. எனக்கு இதுதான் சாபம், நான் ஒன்றைக் கெட்டது என்று சொல்ல ஆரம்பித்தால் கேட்கிறவனுக்கு அது வேண்டும் என்று ஆகிவிடுகிறது. உடனே மரவட்டைக்குத் தாவினேன். மரவட்டை சாமானியம் இல்லை, தொட்டால் சுருளும் என்றேன். வண்டி எப்படிண்ணே சுருளும் என்று நவ்ஷாத். பாறைக்குள் போகும்போது பயணிகள் பயந்து கத்தினால் வண்டிக்குக் கூச்சம் வந்து வட்டமாகச் சுருண்டுகொள்ளும், முன்பெட்டிக்காரனும் கடைசிப் பெட்டிக்காரனும் முகத்துக்கு முகம் பார்ப்பார்கள், ஜப்பானில் அப்படிப் பார்த்து இரண்டு கல்யாணம் நடந்திருக்கிறது என்றேன். முரளி உடனே, ஜப்பானில் அந்தக் கம்பெனி வண்டியே கிடையாது அண்ணே என்று திருத்தினான். என் கட்சிக்காரன், எனக்கே. ஜெசிந்தா விசிலை விரலில் சுற்றிக்கொண்டே, மரவட்டை போற வேகத்துக்குப் பக்கத்துல சைக்கிள்ல வர்ற பால்காரர் முந்திப் போயிருவாரு, பாதி வழியில டீ வாங்கிக் குடிக்கலாம் என்றாள். கையை இரண்டையும் மேலே வீசிக் காட்டினாள், சண்டமாருதம் கிளம்பும்போது இப்படி, தலைகீழாகும்போது இப்படி, அவள் கை போகிற பக்கமெல்லாம் வரிசையில் நிற்கிற குழந்தைகள் தலை திரும்புகிறது. என் தலையும் திரும்புகிறது. அதுதான் கொடுமை. அவள் வர்ணிக்க வர்ணிக்க எனக்கு அது வேண்டும் போல இருக்கிறது. பாறை ஓரத்தில் அவ்வளவு பெரிய வளையம் நாலு, அஸ்தமன வெயிலில் பளபளவென்று, அதற்குள்ளே மனிதர்கள் தலைகீழாகச் சிரித்துக்கொண்டு போவார்கள், அப்படி ஒன்று நம்ம ஊரில், திண்டுக்கல் ரோட்டில், டெல்லிக்காரன் பாம்பேக்காரன் எல்லாம் ரயில் ஏறி வந்து வரிசையில் நிற்பான், நான் அவனிடம் போய்ச் சொல்லலாம், இது நாங்கள் சொல்லி வைத்தது என்று. சொல்லலாம். கீழே நின்றுகொண்டு. வெளியே பெஞ்சில் எல்லாருடைய பையையும் செருப்பையும் காவல் காத்துக்கொண்டு, அண்ணே தண்ணி பாட்டில் உங்ககிட்டதானே இருக்கு. எல்லாரும் முகம் சிவந்து இறங்கி வந்து ஒரே நேரத்தில் பேசுவார்கள், அந்த இரண்டாவது வளையத்துல பாத்தியா, பாத்தியா என்று, நான் பாட்டிலை நீட்டுவேன். கையில் பாட்டிலோடு அந்த நிமிஷம் வந்து நெஞ்சில் நின்றது. வரிசை நகர்ந்தது கூடத் தெரியவில்லை, பின்னால் பாக்கியம் முதுகில் ஒரு குத்து வைத்தாள், பரோட்டாக் கை, நடங்கண்ணே என்று.

வீட்டில் என் பொண்டாட்டி ராசாத்தி நான் திருவாசகச் சொற்பொழிவு கேட்கப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிறுதோறும் திருவாசகம், எனக்கு அந்தப் பெயரே காப்பு. திரும்பிப் போனதும் இன்னிக்கு என்ன சொன்னாங்க என்று கேட்பாள், மேலே ஏறுவதெல்லாம் கீழே இறங்கத்தான் என்று சொன்னார்கள் என்பேன், கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அவளுக்குத் தெரிந்திருக்குமோ, முடியெல்லாம் பின்பக்கமாக நின்றுகொண்டு எந்தப் பக்தன் வீட்டுக்கு வருவான். லிஃப்டில் இருந்த காலத்திலும் இப்படித்தான், ஒரு ஆடித் தள்ளுபடியில் கூட்டம் தாங்காமல் லிஃப்ட் மூன்றாவது மாடியில் நிற்காமல் மொட்டை மாடியையும் பிய்த்துக்கொண்டு மேலே போய்விட்டது, அழகர்மலை தெரிந்தது, வைகை தெரிந்தது, உள்ளே இருந்த ஒரு அம்மாள் மட்டும் பதறாமல், இந்த மாடியிலயும் தள்ளுபடி உண்டா தம்பி என்றாள் என்று நான் சொல்லாத ஆள் மதுரையில் இல்லை. சொல்லிச் சொல்லி எனக்கே அழகர்மலை தெரிய ஆரம்பித்துவிட்டது. உண்மையில் தெரிந்தது மூன்று மாடிதான், கம்பிக் கதவு, பட்டுச்சேலை வாசனை, ஒன்று இரண்டு மூன்று, மூன்று இரண்டு ஒன்று. ஓய்வு பெற்ற பிறகு ஒரு கல்யாணக் கூட்டத்தோடு இங்கே வந்து முதல் தடவையாக செவலையில் உட்கார்ந்து அது உச்சியைத் தாண்டினபோதுதான் நாலாவது மாடி என்று ஒன்று இருப்பது தெரிந்தது. தெரிந்த பிறகு எப்படி விடுவது. அதனால் கம்பியைப் பிடி கோட்டைச்சாமி. யோசிக்க ஒன்றும் இல்லை. ஒரே ஒரு விநாடி, இரண்டு கையும் கம்பியில், முடிந்தது, மரவட்டை வந்துவிடும், முதல் நாள் முதல் பெட்டி. ஏன் பிடிச்சீங்க என்று கேட்டால் பிடித்தேன் என்று சொல்ல வேண்டியதுதான், பாறைக்குள் போக ஆசை என்று சொல்ல வேண்டியதுதான், அது பாதி உண்மையும் கூட. சண்டமாருதம் எங்கேயும் போகாது, வேறு ஊரில் யாராவது வைத்துக்கொள்வார்கள். வைத்துக்கொள்ளட்டும். கம்பி. கம்பி. மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன், மந்திரம் மாதிரி, கம்பி, கம்பி, சிவாயநம.

படியேறி பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டோம். செருப்பைக் கழற்று, செல்லை உள்பைக்குள் போடு, கண்ணாடியைக் கொடு. வண்டி வந்து நின்றது, இறங்குகிறவர்கள் முகத்தைப் பார்ப்பது எனக்கு ஏறுவதில் பாதி சந்தோஷம், எல்லார் முகமும் இப்போதுதான் பிறந்த மாதிரி இருக்கும். வழக்கப்படி யாருக்கு முன்பெட்டி என்று சீட்டு இல்லை சண்டை இல்லை, ஓட்டுப் போடுகிற நாளில் மூத்தவருக்கும் டீச்சருக்கும் என்று பழக்கம். மூத்தவர் என்பது வட்டத்தில் சேர்ந்த மூப்பு, வயசு இல்லை, நான் தெளிவாகச் சொல்லி வைத்திருக்கிறேன். ஜெசிந்தா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் நவ்ஷாத்தும் பாக்கியமும், அதற்குப் பின்னால் முரளி, பக்கத்தில் யாரோ வெளியூர்ப் பையன், அவனிடம் முரளி இப்போதே இந்த வண்டியின் எடையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். கம்பி மடியில் இறங்கியது. குளிர்ச்சியாக இருந்தது. இரண்டு கையையும் அதன் மேல் வைத்தேன். வைத்தாயிற்று, இனிமேல் எடுக்க வேண்டியதில்லை. மணி அடித்தது, வண்டி ஒரு குலுக்கு குலுக்கி வெயிலுக்குள் போய்ச் சங்கிலியில் மாட்டியது, டக் டக் டக் டக், முதுகு சாய்கிறது, முகத்துக்கு நேரே வானம், வேறு ஒன்றும் இல்லை, டக் டக், இடது பக்கம் பாறை, அந்தக் காலி இடம், கருவேலஞ்செடி, அங்கேதான் வரும், எது வரும், டக் டக், மரவட்டை, என்ன அழகாக நெளிந்து போகும் அந்தப் புளியமரத்துக்குள், இல்லை அந்த வளையம், முதல் வளையம் அந்தப் பாறையை விட உயரமாக நிற்கும், பஸ்ஸில் வரும்போதே வாடிப்பட்டியிலிருந்தே தெரியும், டக், நான் இல்லாவிட்டால் என்ன, தெரியும், நெஞ்சு இடிக்கிறது, இது பயமா சந்தோஷமா என்று அறுபத்தெட்டு வருஷமாக எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, கம்பியைப் பிடி, பிடித்துத்தான் இருக்கிறேன், விரல் வெளுத்துப் போயிருக்கிறது பார், ஜெசிந்தா ஏன் ஒன்றும் பேசாமல் வருகிறாள், டக், சங்கிலிச் சத்தம் நின்றுவிட்டது, இந்த இடம், இந்த ஒரு இடம், வண்டி ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, காற்று மட்டும், கீழே மதுரைப் பக்கம் எல்லாம் புகை மாதிரி, அழகர்மலை, நிஜமாகவே அழகர்மலை, கம்பி கோட்டைச்சாமி கம்பி கம்பி கம், தரை போய்விட்டது, வயிறு மேலே நின்றுவிட்டது நான் மட்டும் விழுகிறேன், வாய் தானாகத் திறந்தது, தொண்டையிலிருந்து என் குரல் இல்லாத ஒரு குரல் வந்தது, எங்கேயோ ஒரு வெளிச்சம் வெட்டியது, அப்புறம் வளைவு, அப்புறம் மேடு, அப்புறம் யாரோ சிரிக்கிறார்கள், நான்தான்.

வண்டி பிளாட்பாரத்துக்குள் வந்து நின்றபோதுதான் கையைத் தேடினேன். கம்பியில் இல்லை. இரண்டும் தலைக்கு மேலே இருந்தன, விறைத்துக்கொண்டு, போலீசைக் கண்ட திருடன் கை மாதிரி அப்படியே நின்றன. எப்போது போயின என்று எனக்குத் தெரியாது. என்னைக் கேட்கவே இல்லை. மெல்ல இறக்கினேன். சரி, முடிந்தது. மூன்று, இரண்டு. சண்டமாருதம். அதிசயம் என்னவென்றால் வருத்தம் உடனே வரவில்லை, உடம்பு முழுக்க இன்னும் ஜிவ்வென்று இருந்தது, வருத்தம் பின்னால் அடுத்த வண்டியில் வந்துகொண்டிருந்தது. படிக்கட்டு இறங்கிப் படக்கடை டிவி முன்னால் போய் நின்றோம். எங்கள் வண்டிப் படம் வந்தது. முன்பெட்டியில் ஒரு கிழவன், கிழவன்தான், பொய் சொல்வானேன், இரண்டு கையையும் வானத்துக்கு நீட்டிக்கொண்டு, வாய் அண்டா மாதிரி திறந்து, கண்ணில் பச்சைப்பிள்ளைச் சிரிப்பு. பின்னால் நவ்ஷாத், கை மேலே. பாக்கியம், கம்பியில். முரளி, கண் மூடி. எல்லாம் எதிர்பார்த்தபடி. அப்புறம் என் பக்கத்தில் ஜெசிந்தா. இரண்டு கையும் கம்பியில். தடுப்பூசிக்கு உட்கார்ந்த பிள்ளை மாதிரி உதட்டை இறுக்கி நேரே பார்த்துக்கொண்டு, கம்பியில்.

நவ்ஷாத் எண்ணினான். திரையை விரலால் தொட்டு மறுபடி எண்ணினான். மரவட்டைக்கு மூன்று. அவன் நிதானமாகத் திரும்பி, என்ன டீச்சர் இது, வாழ்க்கையில நீங்க கம்பியத் தொட்டு நான் பார்த்ததில்லையே என்றான்.

"தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு," என்றாள் ஜெசிந்தா. "நேத்து வாலிபால் ஆடுனதுல."

எனக்குப் பொய் என்றால் தெரியும். மாவு பதம் பாக்கியத்துக்குத் தெரிகிற மாதிரி. இது பச்சை மாவு. சாட்சி இல்லை, ருசி இல்லை, வரிசை முழுக்க இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்தவள் எந்தத் தோளைச் சொல்கிறாள் என்று கூடத் தீர்மானிக்கவில்லை. ஏன் இப்படி ஒரு மட்டமான பொய், யாருக்காக என்று யோசித்தேன், யோசித்ததும் காதுமடல் சூடாகிவிட்டது. விளையாட்டு டீச்சர். எந்தத் திடலுக்குள் போனாலும் மற்றவர்கள் பந்தைப் பார்ப்பார்கள், இவள் விதியைப் பார்ப்பாள், அது தொழில் புத்தி. எனக்கு முன்னாலேயே அந்தப் பலகையைப் படித்திருக்கிறாள், அந்தக் கிழவனையும் பார்த்திருக்கிறாள், நான் போய் மறைத்து நின்றதையும் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு வரிசை நெடுக சண்டமாருதத்துக்காகத் தொண்டை கிழியச் சண்டை போட்டாள், எவனுக்கும் சந்தேகம் வராதபடி. என் முழங்கையைப் பார்த்துக்கொண்டேன். ஒரு கையும் அதைத் தொடவில்லை. அவள் தள்ளி நின்றாள், என் பக்கம் திரும்பக் கூட இல்லை, விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். உண்மையாகத் தந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். பொய்யாகத் தருகிறாள். பொய்யை எப்படி வேண்டாம் என்பது, நான்.

நவ்ஷாத் விடவில்லை. தோள் வலி என்றால் அது ஓட்டு இல்லை, உடம்பு போட்டது செல்லாது, மறுபடி வரிசையில் நிற்போம், இன்னொரு தடவை ஏறுவோம் என்றான். நியாயமான பேச்சு. ஜெசிந்தா ஒரு தோளைத் தடவினாள், அப்புறம் இன்னொரு தோளைத் தடவினாள். இன்னொரு தடவை ஏறினால் என் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், அந்தக் கைக்கு வெட்கம் கிடையாது. கனைத்துக்கொண்டேன். தோளாவது வலியாவது, நவ்ஷாத்து, டீச்சருக்கு மானம் போகுதுன்னு மறைக்குது, நான் பக்கத்துல இருந்து பார்த்தேன்ல என்று ஆரம்பித்தேன். உச்சியில் வண்டி நின்றதே, அப்போது பாறை இடுக்குக்குள் ஒரு மயில் நுழைந்தது. சாதாரண மயில் இல்லை, தோகையை மடக்கத் தெரியாத மயில், விரித்தபடியே உள்ளே போகிறது, இந்தப் பக்கம் போனது அந்தப் பக்கம் குளத்தடியில் வருகிறது, வரும்போது தோகையில் பாறைக்குள்ளே இருக்கிற தண்ணி சொட்டுகிறது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள், அண்ணே, அது போன வழியில நானும் போகணும் என்று. சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்தாள். அவ்வளவு நேரம் மரவட்டையைப் பால்காரன் சைக்கிள் என்று பேசிவிட்டு இப்போது எப்படிச் சொல்வாள், அதுதான் தோளில் போட்டுக்கொண்டாள்.

நவ்ஷாத் என்னைப் பார்த்தான். ஜெசிந்தாவைப் பார்த்தான். அப்படியா டீச்சர், மயிலா என்றான்.

ஜெசிந்தா அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். பல்லில் இருந்த விசிலை எடுத்தாள்.

"ரெண்டு மயில்," என்றாள். "அண்ணனுக்கு ஒண்ணுதான் தெரிஞ்சிருக்கு."

இரண்டாவது பொட்டை மயில், தோகை கிடையாது, அதனால் அண்ணன் கண்ணில் பட்டிருக்காது என்றாள் பாக்கியம், பின் இருக்கையிலிருந்து தெளிவாகத் தெரிந்ததாம். நானும் பார்த்தேன் என்றான் முரளி. திரையில் அவன் படம் இன்னும் போகவில்லை, இரண்டு கண்ணும் சுருக்குப் பை மாதிரி இறுகி மூடிக் கிடந்தன. நவ்ஷாத் அந்தப் படத்தைத் திரும்பிப் பார்த்தான். அவன் பார்வை முரளியின் கண்ணிலிருந்து ஜெசிந்தாவின் கைக்கு வந்து, அங்கிருந்து என் திறந்த வாய்க்கு வந்து, அங்கேயே கொஞ்சம் நின்றது. அப்புறம் போனை எடுத்துக் காதில் வைத்தான்.

"மேடம், மரவட்டைன்னு சொல்லிருங்க," என்றான். "ஆமா, எல்லாரும் சேர்ந்துதான். இன்னொரு விஷயம், அந்தப் பாறைக்குள்ள மயில் நடமாட்டம் இருக்காம். ரெண்டு. தண்டவாளத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்க."